நீலியைச் சிமெண்டில் வார்க்கலாமா?

திருவனந்தபுரத்திலிருந்து பத்மநாபபுரம் செல்லும் காட்டுவழியில் ஒரு யட்சி இருந்தாள். வழிப்போக்கர்கள் அவ்வழியை அஞ்சினார்கள். கடமற்றத்துக் கத்தனார் அவளை மந்திரத்தால் அடக்கினார். அவள் இறுதியில் பருமலையை அடுத்த பனையன்னார்காவில் குடியேறினாள். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுப் பாகங்களாக வெளியிட்ட ‘ஐதிகமாலை’ தரும் கதை இது. அந்தக் காட்டுவழியின் இன்றைய வடிவம் நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. காஞ்சிரங்குளம் அதிலிருந்து கடற்பக்கமாகச் சில கிலோமீட்டர் உள்ளடங்கிய ஊர். ஆகவே, 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’ உலக அளவில் 300 கோடி ரூபாய் வசூலைக் கடந்த முதல் மலையாளப் படமானபோது, அந்த வெற்றியின் மூலப்பொருள் இப்பகுதியின் வழியோரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்வது மிகையாகாது.

படத்துக்குப் பிறகு எல்லைப்புற ஊர்களின் இளைஞர்களிடையே ஒரு வாதம் ஓயவில்லை. தமிழ்ப்படத்தையும் மலையாளப்படத்தையும் ஒரே வாரத்தில் பார்க்கிறவர்கள் இவர்கள். ஆகவே ஒப்பீடு இவர்களுக்கு இயல்பாக வருகிறது. ‘கைதி’, ‘விக்ரம்’, ‘லியோ’ என்று லோகேஷ் கனகராஜ் கட்டிய உலகம் பெரிதா, டொமினிக் அருண் தொடங்கியிருக்கும் உலகம் பெரிதா என்பது ஒரு கேள்வி. நீலியைக் குகையில் வௌவால் கடித்து மேல்நாட்டு இரத்தக் காட்டேரியின் சாயலில் வார்த்தது சரியா என்பது இன்னொன்று. இவற்றைவிட ஆய்வாளர் கவனிக்க வேண்டியது மூன்றாவது தரப்பு. துபாயிலும் அபுதாபியிலும் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் வார்னர் பிரதர்ஸ் பூங்காவையும் மோஷன்கேட்டையும் பார்த்தவர்கள். அவர்கள் கேட்பது: நம் நீலிக்கு ஏன் அப்படியொரு பூங்கா இல்லை?

பூங்கா இன்றைக்கு ரசிகர்களின் ஆசை மட்டுமே. ஆயினும் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பின், கோவளத்துக்கும் பூவாறுக்கும் இடைப்பட்ட கரையின் நிலம் யார் கண்ணிலும் படாமல் இருக்கப்போவதில்லை. தொடர்படமோ ஐந்து பாகங்களாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஆசைக்கும் முதலீட்டுக்கும் இடையிலான தூரம் சில சமயம் மிகக் குறைவு. எனவே வாதத்தை ரசிகர் சண்டை என்று ஒதுக்காமல், அது எழுப்பும் உடைமைக் கேள்வியை இப்போதே எடுத்துக்கொள்வது நல்லது. படம் ஒரு கதையைச் சொல்லிவிட்டுத் திரையரங்கை விட்டுப் போய்விடும். அடுத்தவர் வேறுவிதமாகச் சொல்லலாம். பூங்கா அப்படியன்று. கோடிக்கணக்கில் செலவிட்டு இரும்பிலும் சிமெண்டிலும் வார்த்த கதையை அதன் உரிமையாளர் எளிதில் மாற்றமாட்டார். மாற்றினால் ஒட்டுமொத்தமாக இடித்துவிட்டுத்தான் மாற்றுவார்.

இந்தியத் திரைப்படங்களைச் சவாரிகளாக்கும் முயற்சிகள் முன்பே நடந்தவை. 2013இல் மராட்டியத்தின் கோப்போலி அருகே திறக்கப்பட்ட இமாஜிகாவில் 1987ஆம் ஆண்டுப் படமான ‘மிஸ்டர் இந்தியா’ ஒரு சவாரியாயிற்று. 2016 நவம்பரில் துபாயில் பாலிவுட் பார்க்ஸ் திறந்தது. ‘ஷோலே’யின் கப்பர் சிங்கைத் துரத்தலாம், ‘லகான்’ பெயரில் ஒரு சவாரி, ‘க்ரிஷ்’ஷுடன் பறக்கலாம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் அங்கே பேர் சொல்லும்படியான இடமில்லை என்பது வளைகுடாவில் உழைத்தவர்களுக்குச் சிறு மனக்குறையாக இருந்திருக்கக்கூடும். 2023 ஏப்ரலில் அது நிரந்தரமாக மூடப்பட்டது. ஏழாண்டு கூட நிறையவில்லை. வணிகக் காரணங்கள் எவையாயினும், ஒன்று வெளிப்படை: ‘லகான்’ 2001இலேயே முடிந்துபோன படம். அதன் மீது கட்டிய சவாரி ஒரு நினைவுப்பொருள். நினைவுப்பொருளை ஒருமுறை பார்க்கலாம்.

நவோதயா அப்பச்சனின் கதை இதைவிடச் சுவையானது. 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ அவருடைய நிறுவனத்திலிருந்து வந்தது. மகன் ஜிஜோ இயக்கினார். சிறுவர்கள் சுவரிலும் கூரையிலும் நடந்துபோகும் பாட்டுக்காக ஓர் அறையையே சுழலும்படி அமைத்தார்கள். ஏறக்குறைய ஒரு பூங்காச் சவாரியை அவர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே செய்துவிட்டார்கள் எனலாம். அதே அப்பச்சன் தாம்பரம் அருகே பூங்கா கட்டியபோது அதற்கு இட்ட பெயர் கிஷ்கிந்தா. தம் கையில் இருந்த, நாடே அறிந்த சாத்தானை விட்டுவிட்டு இராமாயணத்தின் வானர நாட்டுக்குப் போனார். சாத்தன் கேரளத்தில் வழிபாடுள்ள தெய்வம் என்ற எண்ணம் காரணமா, பொதுப்பெயர் வசதி என்ற வணிகக் கணக்கா என்று ஊகிக்கலாம். எப்படியாயினும், யாருக்கும் சொந்தமல்லாத ஒரு பெயரைத் தேர்ந்தது பிழையாகப் போகவில்லை.

நாட்டார் கதை பூங்காவாகும்போது என்ன நிகழும் என்பதற்கு உலகிலேயே தெளிவான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒரு தந்திர முயலின் கதைகளைச் சொல்லிவந்தனர். வலியவனை எளியவன் சொல்லால் வெல்லும் கதைகள். ஈட்டன்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த வெள்ளையின இதழாளர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் அவற்றைக் கேட்டு, ‘அங்கிள் ரீமஸ்’ என்ற கற்பனைக் கிழவரின் வாயில் வைத்து 1880இல் நூலாக்கினார். கதை சொன்னவர்களின் துயரம் அதில் பண்ணையின் இனிமையாக மாறியது. டிஸ்னி நிறுவனம் 1946இல் அதை ‘சாங் ஆஃப் த சவுத்’ என்று படமாக்கியது. படத்தின் இனவாதம் குறித்த எதிர்ப்பு அன்றே எழுந்தது. அமெரிக்காவில் வீட்டுக் காணொளியாக அது வெளியிடப்படவே இல்லை. ஆனால் 1989இல் அதே படத்தின் முயலை வைத்து ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ என்ற நீர்ச்சவாரி கலிபோர்னியாவில் திறந்தது. மூலக்கதையில் முயல் ஒட்டிக்கொள்ளும் தார்ப்பொம்மை சவாரியில் தேனாக மாற்றப்பட்டது. படத்தைப் பார்த்திராத, மூலக்கதை யாருடையது என்றறியாத கோடிக்கணக்கானோர் அதில் ஏறி நனைந்து மகிழ்ந்தார்கள்.

2020 ஜூனில் நிறுவனம் அச்சவாரியை மாற்றப்போவதாக அறிவித்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மாற்றக் கேட்டு ஒரு மனு, காக்கக் கேட்டு இன்னொரு மனு. 2023இல் அமெரிக்காவின் இரு பூங்காக்களிலும் சவாரி மூடப்பட்டது. ஓடிய நீரைப் புட்டியில் அடைத்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தவர்களும் உண்டு. 2024இல் அவ்விடத்தில் ‘டியானா’ என்ற கறுப்பின இளவரசியின் பெயரில் புதிய சவாரி வந்தது. நியாயம் கிடைத்தது என்று ஒரு சாரார் கருதினர். இளமை பறிபோயிற்று என்று மறுசாரார் வருந்தினர். இரு தரப்பும் கவனிக்காத ஒன்றுண்டு. முயல் கதை அந்த மக்களுடையது. அது உள்ளே வந்தபோதும் அவர்களைக் கேட்கவில்லை. வெளியே போனபோதும் கேட்கவில்லை. கதை நிறுவனத்தின் கழிவாகி, நிறுவனத்தின் விருப்பப்படி அகற்றப்பட்டது. அதே ஈட்டன்டனில் பிறந்த எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், தம் மரபின் ஒரு பகுதியை ஹாரிஸ் திருடிவிட்டார் என்று எழுதினார். அவர் சொன்ன இழப்பு நுட்பமானது: தம் சொந்தப் பெரியவர்களின் கதைகளே வெட்கத்துக்குரியவையாகிவிட்டன, வீட்டில் அவற்றைச் சொல்வது நின்றுவிட்டது.

காஞ்சிரங்குளத்தில் நீலிப்பூங்கா கேட்கும் இளைஞர் இந்த ஈட்டன்டனை எண்ணிப் பார்க்க வேண்டும். கதை பிறந்த ஊருக்குக் கிடைப்பது ஓர் அருங்காட்சியகமும் ஒரு திருட்டுப் புகாரும் மட்டுமாக இருக்கலாம்.

நீலியின் கதை எது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. திரைப்பட ரசிகர்கள் ‘மூலக்கதை’ என்று குறிப்பிடுவது பெரும்பாலும் கத்தனாரின் கதை. அவருடைய யட்சியும் கள்ளியங்காட்டு நீலியும் ஒருத்தியே என்ற எண்ணத்தை இந்தத் தலைமுறையிடம் பரப்பியது 2004இல் ஏசியாநெட்டில் வந்த தொடர். கள்ளியங்காடு நாகர்கோவிலை அடுத்த இடம். அங்கிருந்து இரு மொழிகளிலும் பரவிய கதை வேறு. தமிழில் வில்லுப்பாட்டு என்றும் மலையாளத்தில் வில்லடிச்சான் பாட்டு என்றும் வழங்கும் ஒரே கலை அதைக் கொடைவிழா இரவுகளில் பாடியது. அ.கா. பெருமாள் போன்ற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் தென்குமரியின் கதைப்பாடல்களைத் தொகுத்ததால் அதன் வடிவங்களை இன்று ஒப்பிட முடிகிறது.

கோயில் பூசகன் ஒருவன், தாசி குலத்துப் பெண்ணொருத்தி. மலையாள வழக்கில் அவள் அல்லி. தமிழ்ப் பாடல்களில் வேறு பெயர். பொருளெல்லாம் இழந்து துரத்தப்பட்ட அவனைத் தேடி அவள் பின்னால் போகிறாள். கள்ளிச்செடி நின்ற காட்டில் அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். நகைக்காக அவன் அவளைக் கல்லால் கொல்கிறான். சாட்சி கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. ஒரு கள்ளிக்கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ‘இவர் என் கணவர்’ என்று ஊர்ப் பெரியவர்கள் முன் வழக்குரைக்கிறாள். வணிகன் மறுக்கிறான். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்று அழைக்கிறது. சபை அந்தக் குரலை நம்பி இருவரையும் ஓரறையில் விட்டுக் கதவடைக்கிறது. விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். இக்கதையின் வடதமிழகக் கிளையான பழையனூர் நீலி கதையில், வணிகனுக்கு உயிர்ப்பிணை சொன்ன எழுபது வேளாளரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள்.

இந்தச் சபைக் காட்சியில்தான் கதையின் உயிர் இருக்கிறது. கொலையுண்டபோது அவளுக்குச் சாட்சி இல்லை, வழக்கு இல்லை. ஆகவே அவள் பொய்ச்சாட்சியோடு மன்றம் ஏறுகிறாள். உண்மைக் குற்றத்துக்குப் பொய் வழக்கில் தண்டனை வாங்குகிறாள். நியாயம் தவறிய மன்றமா, நியாயத்துக்காக ஏமாந்த மன்றமா என்று கேட்போரை இரவு முழுக்கத் தடுமாறவைக்கும் இடம் அது. கொடைக்குப் போய்த் திரும்பிய கூட்டம் வழியெல்லாம் இதைப் பேசிக்கொண்டு போயிருக்கும்; இன்றைய ரசிகர் வாதத்துக்கு அதுவே மூதாதை. எந்தச் சவாரியாலும் இக்காட்சியைத் தூக்கிச் சுமக்க முடியாது. இருட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டியது வளைவில் பாய்ந்து வரும் யட்சி, கோரைப்பல், வெள்ளைச் சேலை, ஓர் அலறல். நாலு நிமிடத்தில் பயணி இறங்கிவிட வேண்டும். மன்றத்தில் நிற்கும் பெண்ணைக் கண்டு அலற முடியாது. அவள் சொல்வதைக் கேட்கத்தான் முடியும். பூங்காவுக்குள் போனால் நீலி இழக்கும் முதல் உறுப்பு அவள் நாக்கு.

இதைக் கூறும்போது, நீலியை யாருமே மாற்றக்கூடாது என்ற கட்சியோடும் உடன்பட இயலாது. மாற்றங்களின் குவியல்தான் அவள். சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் குறிப்பிடும் அளவுக்குப் பழையவள். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான ‘நீலகேசி’யில் சமணர்கள் அவளை எடுத்துக்கொண்டார்கள். முனிவரை மயக்க வந்த பழையனூர் நீலி அங்கே அறம் கேட்டு மனம் மாறி, பௌத்தக் காப்பியத் தலைவியான குண்டலகேசியையே தேடிச்சென்று வாதில் வெல்கிறாள். ஒரு கதையுலகின் நாயகி மற்றொரு கதையுலகுக்குள் நுழைந்து அதன் நாயகியைத் தோற்கடிப்பதை இன்றைய ரசிகர்கள் ‘கிராஸ்ஓவர்’ என்கிறார்கள். அதைச் செய்த சமணப் புலவரின் பெயர்கூடத் தெரியவில்லை. உரிமத்தொகையும் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். 1979இல் எம். கிருஷ்ணன் நாயர் ‘கள்ளியங்காட்டு நீலி’யை மலையாளத்தில் எடுத்தார். இந்த வரிசையில் ‘லோகா’வுக்கும் இடமுண்டு.

இன்னும் சொன்னால், அதன் மாற்றம் இம்மண்ணுக்கு அந்நியமானதே அன்று. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த நீலி காட்டு மக்களின் குழந்தை; கோயிலுக்குள் நுழைந்ததற்காக அரசனின் ஆட்களால் தன் கூட்டத்தை இழந்தவள். வௌவாலைக் கண்டு முகம் சுளித்த ரசிகர்கள் இந்தப் பகுதியைக் கடந்துபோய்விட்டார்கள். நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் இருக்கிறது. 1888இல் ஸ்ரீநாராயண குரு அங்கேதான் சிவனை நிறுவினார். திருவிதாங்கூர்க் கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாசி குலத்துப் பெண்ணின் கொலையைக் கோயில் வாசலில் தடுக்கப்பட்டோரின் கொலையாக மாற்றிய கதாசிரியர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இப்பகுதியின் காயத்தைத் தொட்டிருக்கிறார்கள். வேண்டியது, இதற்குப் பக்கத்தில் பழைய பாட்டும் உயிரோடு இருக்கும் நிலை. நீலியைத் தேடும் மாணவருக்கு ஆறு நீலிகள் கிடைக்க வேண்டும். தேடுபொறி ஒருத்தியை மட்டும் காட்டக்கூடாது.

நீலியை இசக்கியாக வணங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் வண்டிகளை நிறுத்திக் காணிக்கை போட்டுவிட்டுப் போகும் ஓட்டுநர்களுக்கு அவள் ஒரு கதாபாத்திரம் அல்ல. கையில் ஒரு குழந்தை, வாயில் ஒரு குழந்தை என்று அச்சமூட்டும் அந்தத் திருவுருவத்தின் முன்பே பெண்கள் பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். கொல்பவளும் காப்பவளும் ஒருத்தி என்ற இந்த அறிவைத் திரையுலகம் ‘நாயகி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கப் பார்க்கிறது. இதில் கர்நாடகத்தின் அனுபவம் பாடமாகும். ‘காந்தாரா’ 2022இலும் அதன் முன்கதை 2025 அக்டோபர் 2 அன்றும் வெளியான பின், ரசிகர்கள் தெய்வ வேடம் பூண்டு திரையரங்குகளில் ஆடத் தொடங்கினார்கள்; துளுநாட்டு பூதாராதனையோடு வாழும் மக்கள் மனம் வருந்தினார்கள்; தெய்வங்களை அப்படிப் போலிசெய்ய வேண்டாம் என்று படக்குழுவே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. விசிறிக்கும் பக்தருக்கும் இடையே திரையரங்கின் இருட்டில் எல்லைக்கோடு தெரிவதில்லை. பூங்காவில் அக்கோடு நுழைவுச்சீட்டாகிவிடும்.

எதிர்வாதம் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. சிமெண்டில் வார்ப்பதெல்லாம் கதையைக் கொன்றுவிடுமானால், மலம்புழை யட்சியை என்ன சொல்வது? கானாயி குஞ்ஞிராமன் 1969இல் அணைப்பூங்காவில் நிறுவிய அந்தப் பேருருவம், கால்களை நீட்டி, ஆடையின்றி, மலைகளைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. எதிர்ப்பு வந்தது, சிலை நின்றது. அரைநூற்றாண்டுக்கு மேலாகக் குடும்பங்கள் அதன்முன் படமெடுத்துக்கொள்கின்றன. அங்கே யட்சி எதையும் இழக்கவில்லை, ஏனெனில் சிற்பி அவளை வைத்து எந்தக் கதையையும் முடித்துவைக்கவில்லை. பார்ப்பவர் தாம் கேட்ட யட்சியை அவள் மேல் ஏற்றிக்கொள்ளலாம். அது அரசின் பூங்கா. உருவத்துக்குத் தொடர்பாகம் கிடையாது, விற்பனைப் பொம்மை கிடையாது.

அருகிலேயே வேறு சான்றுகளும் உண்டு. உதியங்குளங்கரையை அடுத்த செங்கல் மகேசுவரம் கோயிலில் 111 அடி உயரச் சிவலிங்கம் 2019இல் திறக்கப்பட்டது. அதன் உள்ளே எட்டு நிலைகள். குகைபோன்ற வழியில் சிற்பங்களைக் கண்டபடி ஏறிச் செல்லலாம். ஆழிமலையில் கடலை நோக்கிய 58 அடிச் சிவன் சிலையைக் காண மாலைதோறும் கூட்டம் கூடுகிறது. பக்தியும் காட்சியும் உலாவும் கலந்த இடங்களை உருவாக்க இக்கரைக்குத் திரைப்பட நிறுவனம் தேவைப்படவில்லை. கட்டடக் கலையின் தரத்தைப் பற்றி இருவேறு கருத்து இருக்கலாம். ஆயினும் அவற்றின் மீது ஊருக்கு ஒரு சொல் இருக்கிறது. ‘லோகா’வின் பெயரில் எழும் பூங்காவில் அச்சொல் இருக்காது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஆசிரியர் பெயரின்றித் தலைமுறைவழி வந்த கதைக்கு உரிமையாளர் எவரையும் அங்கீகரிப்பதில்லை. அதே கதையிலிருந்து படம் உருவாக்கிய உடை, தோற்றம், இசை, இலச்சினை அனைத்துக்கும் முழுக் காப்பு உண்டு. எடுப்பதற்குப் பொது, எடுத்தபின் தனியார். நாட்டார் வெளிப்பாடுகளைக் காக்க யுனெஸ்கோவும் உலக அறிவுசார் சொத்து அமைப்பும் 1982இல் மாதிரி விதிகளை வகுத்தன. மாதிரியாகவே அவை கிடக்கின்றன.

இதற்கு மாற்று ஏற்பாடு கற்பனையில் மட்டும் இருப்பதன்று. நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்கா 1952இல் பழங்கதைக் காட்டோடு தொடங்கியது. ஓவியர் ஆன்டன் பீக் அதற்கு உருவம் கொடுத்தார். இன்றுவரை ஓர் அறக்கட்டளையின் உடைமையாகவே இருக்கிறது. திரைப்பட உரிமம் எதையும் நம்பித் தொடங்கப்படாத அது ஐரோப்பாவின் பெரிய பூங்காக்களில் ஒன்றாக வளர்ந்தது. யாருக்கும் சொந்தமல்லாத கதைகளை அவ்வாறே வைத்துக்கொண்டும் பிழைக்கலாம் என்பதற்கு அது சாட்சி. நீலிக்கு இடம் கேட்கும் ரசிகர், பார்பேங்கைப் பார்க்கும் நேரத்தில் சிறிது இந்தப் பக்கமும் பார்க்கலாம்.

இதில் பல்கலைக்கழகங்களின் பொறுப்பு ரசிகர்களுடையதைவிடக் கூடுதல். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் கள்ளியங்காடு ஒரு மாநிலத்தின் நாட்டார் வழக்காறாகவும், கள்ளியங்காட்டு நீலி மற்றொரு மாநிலத்தின் தொன்மமாகவும் தனித்தனித் துறைகளில் ஆராயப்பட்டு வருகின்றன. ஒரே பாட்டின் இரு மொழி வடிவங்களை அடுத்தடுத்து வைத்து வாசிக்க வாய்ப்புள்ள மாணவர்கள் எல்லைப்புறக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள்; காஞ்சிரங்குளம் அரசுக் கல்லூரி அவற்றில் ஒன்று. இவர்களிடம் ஆய்வுத் தலைப்பாகப் போய்ச் சேர்வதோ ‘தொடர்படங்களில் பெண் வல்லமை’ என்ற வகை. படத்தைப் பற்றி எழுதப் போதிய பேர் இருக்கிறார்கள். நீலி கதையை முழு இரவும் பாடத் தெரிந்த வில்லுப்பாட்டுக் கலைஞர்கள்தான் குறைந்து வருகிறார்கள்; கொடைகளில் பாட்டுக்கு ஒதுக்கும் நேரமும் சுருங்கிவிட்டது.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநருக்குத் தம் நிகழ்வின் பதிவு மீது உரிமை தந்திருக்கிறது. கதைக்கு உரிமையாளர் இல்லாவிட்டாலும், அதைப் பாடியவருடைய அந்த இரவின் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. எனவே நீலி கதையின் தமிழ், மலையாள வடிவங்களைக் கலைஞர்களின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடும் ஊதியத்தோடும் பதிவுசெய்து, யார் பாடினார், எந்தக் கோயிலில், எந்த ஆண்டில் என்ற விவரத்துடன் பொதுக் காப்பகத்தில் வைப்பது சட்டப்படியும் பொருளுள்ள வேலை. நாளை ஒரு நிறுவனம் பூங்காவுக்கு நிலம் கேட்டு வந்தால், ஊராட்சி மேசைமேல் எடுத்துவைக்க ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? கையில் ஒரு பட்டியலும் இல்லாமல் ‘இது எங்கள் கதை’ என்றால், வழக்கறிஞர்கள் சிரித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

அடுத்த பாகம் டொவினோ தாமஸின் சாத்தனைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறார்கள். அப்பச்சன் பூங்காவுக்குள் கொண்டுபோகாமல் விட்ட அதே சாத்தன். அதற்குள் இரு மாநிலங்களின் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் கூடிப் பதிவுசெய்யத் தொடங்க ஒன்றிரண்டு கொடைப் பருவங்கள் மிச்சம் இருக்கின்றன.